சீமைச் செடியின் உயரம்

ராசையா கஜக்கோலைச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இரண்டு அடிக்கு மேல் இரண்டு விரற்கடை இருந்தது. நேற்றுச் சரியாக இரண்டு அடிதான். கோலைத் தலைகீழாகத் திருப்பியும் அளந்தார். அப்படியும் செடி குறையவில்லை.

ராயபுரத்தில் அவருடைய மளிகைக் கடை ஹில்டா அம்மாளின் வீட்டு முன்கட்டில் இருந்தது. காலமான ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டின் மனைவி ஹில்டா அம்மாள். கோடைக்குப் பயந்து மார்ச் மாதக் கடைசியில் குன்னூர்த் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டபோது, இந்தத் தொட்டியை ராசையாவின் கையில் கொடுத்தாள்.

"இது கொலம்பைன், ராசையா. எங்க தாத்தா ஊர்ச் செடி. ரெண்டு அடிக்கு மேலே போகக் கூடாது, ஒன்றரைக்குக் கீழே வரக் கூடாது. தோட்டக்காரன் வேலப்பன் தொடவே கூடாது. போன வருஷம் மூணு அடி வளர விட்டுட்டான், மேன்."

ஜூன் மாதத்தோடு கடை ஒப்பந்தம் முடிகிறது. அந்த இடத்துக்காக ஒரு சைக்கிள் கடைக்காரன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தான். செடி எப்படியோ கடையும் அப்படியே என்று சொல்லிவிட்டுத்தான் அம்மாள் ரயில் ஏறினாள்.

போகும்போது ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்திருந்தாள். அதில் கொலம்பைன் பூவின் படம் இருந்தது. ஐந்து நீலப் புறாக்கள் தலையோடு தலை சேர்த்துத் தண்ணீர் குடிப்பது போன்ற பூ. மெட்ராஸ் வெயிலில் அது வெளுத்துச் சிறுத்து, பொடிப்பொடியாகத்தான் பூக்கிறது என்று அம்மாள் வருத்தப்பட்டிருந்தாள். ராசையாவுக்கு அது குறையாகவே தெரியவில்லை. பனி பெய்கிற நாட்டில் பிறந்த ஓர் உயிர், கப்பலேறி வந்து ராயபுரத்துப் புழுதியில் தலை நிமிர்ந்து நிற்கிறதே, அதுவே அவருக்கு மலைப்பாக இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் தொட்டியை வைத்து, ஒரு கோழிகூட நுழையாதபடி கதவைச் சாத்தினார். செடியை 'அது' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'அவுக' என்றுதான் சொன்னார்.

அந்த 'அவுக' இப்போது எல்லை தாண்டிவிட்டார்கள்.

தினமும் மூக்குப்பொடி வாங்க வருகிற துறைமுகக் குமாஸ்தா கருணாகரனிடம் புத்தகத்தை நீட்டினார். கருணாகரன் ஒரு சிட்டிகை இழுத்துவிட்டுப் படித்தார். நுனியைக் கிள்ளினால் உயரம் அடங்கும் என்று போட்டிருந்தது. ராசையா செடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிள்ளினார். ஒரு தலை இருந்த இடத்தில் நான்கு நாளில் நான்கு தலை வந்தது. நான்கும் பழையதைவிட உயரம்.

இது நிழல் விரும்பும் செடி என்றது அடுத்த பக்கம். தொட்டி கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவே குடியேறியது. அங்கே கூரையோரத்தில் ஒரு சிறு ஜன்னல்தான் உண்டு. அதை எட்டிப் பார்க்கும் ஆசையில் செடி ஒரே வாரத்தில் ஒரு சாண் நீண்டது.

குளிர்ந்த மண்தான் இதற்கு உயிர் என்றது அதற்கடுத்த பக்கம். ராசையா தொட்டியை மறுபடி முற்றத்துக்குக் கொண்டுவந்து, காசிமேட்டுக்கு ஆள் அனுப்பி ஐஸ் கட்டி வரவழைத்தார். முந்தின நாள் வஞ்சிரம் மீன் படுத்திருந்த ஐஸ் அது. உப்பு இறங்கி, பாதி இலை மஞ்சளாகிவிட்டது. மீதிப் பாதி அப்போதும் நிமிர்ந்தே நின்றது. அந்த வைராக்கியத்தைக் கண்டு ராசையாவுக்குக் கண் கலங்கியது.

மதில் மேல் முழங்கையை ஊன்றியபடி வேலப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, செடிக்குப் போயி ஐஸ் வெக்கிறே?"

"சீமைச் செடிவே இது. ஒமக்கு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான். எனக்கு இன்னா தெரியும்" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அடங்காத செடியை மண்ணிலிருந்து நாலு விரற்கடை விட்டு வெட்டிவிடலாம், பத்தே நாளில் புதிதாகத் துளிர்க்கும் என்று கடைசிப் பக்கம் அடித்துச் சொன்னது. ராசையா கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். பத்து நாள் ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று. கட்டை காய்ந்து சுள்ளியானதுதான் மிச்சம்.

"துளிர்க்கும்னு தெளிவா அச்சடிச்சிருக்கே" என்றார் கருணாகரன்.

"அப்ப அந்தப் புஸ்தகத்தையே தொட்டியில நட்டு வச்சிருதேன்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷக் கடை ஒரு சுள்ளியோடு போகிறதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவரின் கண்ணில், சாக்கடையோரம் ஒரு பச்சை பட்டது. மூட்டை மாற்றும்போது சிந்திய கொத்தமல்லி, ஈரம் கண்டு முளைத்திருந்தது. ஓர் இலையைக் கிள்ளிப் புத்தகத்துப் படத்தின் மேல் வைத்தார். அதே வெட்டு, அதே மடிப்பு. சீமைப் பனியில் செய்த இலையை ஆண்டவன் ராயபுரம் சாக்கடையோரத்திலும் செய்து வைத்திருக்கிறானே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

தனியாவைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தொட்டியில் விதைத்தார். இந்த முறை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வேளைக்குத் தண்ணீர், உச்சி வெயிலுக்குக் கோணி, அவ்வளவுதான். முளைத்தவற்றில் வாட்டசாட்டமானதை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைப் பிடுங்கினார். ஜூன் கடைசியில் அது பொடிப்பொடியாய் வெள்ளைப் பூவோடு, கஜக்கோலுக்குக் கட்டுப்பட்டு நின்றது. தானே செய்த பித்தலாட்டத்தின் முன்னால் ராசையா கைகட்டி நின்று வியந்தார்.

ஹில்டா அம்மாள் வந்ததும் தன் சொந்த டேப்பால் அளந்தாள். ஒரு அடி பதினொரு அங்குலம். பிறகு அவள் குனிந்து செடியருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

ராசையாவுக்கு அப்போதுதான் வாசனை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. வற்றல் மூட்டைகளோடு இருபது வருஷம் வாழ்ந்ததில் அவருடைய மூக்கு எப்போதோ செத்துவிட்டது. அம்மாளுடையது உயிரோடு இருந்தது. போச்சு, கடை போச்சு என்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாள் கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"அதே வாசனை" என்றாள். "என் கொலம்பைனை யாரும் இவ்வளவு அளவா வெச்சதே இல்லே, ராசையா. நீ இன்னும் மூணு வருஷம் இங்கேயே இரு, மேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடை தப்பிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு ராசையாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தொட்டியை மாடிக்குத் தூக்கிப் போக வந்த வேலப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலப்பா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அம்மா கொடுத்த சீமைச் செடியைக் கொன்னுட்டேன். இது கொத்தமல்லிவே."

வேலப்பன் தொட்டியைத் தோளில் ஏற்றி, நிதானமாகச் சரி செய்துகொண்டான்.

"நீ எங்க நைனா கொன்னே? சீமைச் செடி கப்பல்ல வந்த மூணாம் நாளே பூட்ச்சு. நீ ஐஸ் வெச்சு, வெட்டிக் கொன்னதுக்கும் வெத உன் கடை மூட்டைதான்."