திருமழிசையில் போர் இல்லை

வெளிநாட்டில் போர் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலையில், வாயில் பற்பசை நுரையோடு மேக்ஸ்வெல் கைப்பேசித் திரையை இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜாஸ்லின், இது என்ன எழுத்துன்னு பாரு."

அவன் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். கரும்புகை. புகைக்குப் பின்னால் ஒரு சுவர். சுவரின் ஓரத்தில் பாதி எரிந்த பெயர்ப்பலகையில் ஒரே ஓர் எழுத்து மிஞ்சியிருந்தது.

"ழி."

"இதை எந்த நாட்டுல எழுதுவாங்க?"

"ஏங்க, மறுபடியுமா?" என்றாள் ஜாஸ்லின். தோசை கருகும் வாசனை வந்தது. அவள் போய்விட்டாள்.

முழுப் படத்தில் ஒரு பெண் முக்காடு போட்டபடி மண்டியிட்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் நெருப்பை நோக்கி நீண்டிருந்தன. கீழே எழுதியிருந்தது: 'குண்டுவீச்சில் கணவனையும் மூன்று குழந்தைகளையும் பறிகொடுத்த அமீரா. கல் நெஞ்சம் இல்லாதவர்கள் பத்து பேருக்கு அனுப்பவும்.'

அனுப்பியவர் தரைத்தளத்து ஞானகுமாரி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. திருவேற்காட்டில் அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், ஏழரை மணிக்குள் நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். யாருடைய நெஞ்சும் கல் இல்லை என்பது தெளிவாகிவிட்டது.

மேக்ஸ்வெல் மென்பொருள் சோதனை செய்கிறவன். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். போர் வந்த பிறகு வீட்டிலும் அதையே இலவசமாகச் செய்தான். விமானம் ஒன்று எரிந்து விழும் காட்சி வந்தது. அது கணினி விளையாட்டு என்றான். இருளில் மூழ்கிய நகரம் வந்தது. அது வேறொரு ஊரில் எப்போதோ மின்சாரம் போனபோது எடுத்தது என்றான். ஒவ்வொரு முறையும் குழு ஒரு மணி நேரம் இழவு வீடு மாதிரி அமைதியாக இருக்கும். ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

அவனிடம் ஒரு காரணம் இருந்தது. போரின் முதல் நாள், ஜாஸ்லினின் தம்பி அங்கே வேலை பார்க்கும் ஊர் தரைமட்டமாகிவிட்டது என்று ஒரு வீடியோ வந்தது. ஜாஸ்லின் அன்று பகல் முழுவதும் தரையில் கிடந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் தம்பியே போனில் வந்து, "அக்கா, இப்பதான் சாப்பிட்டேன். ஏன் அம்பது தடவை கூப்பிட்டிருக்க?" என்றான். அந்த வீடியோ, எட்டு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் வந்த நிலநடுக்கம். அதைக் குழுவில் போட்டவரைக் கேட்டபோது, "எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன்" என்றார். அன்றிலிருந்து மேக்ஸ்வெல்லுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது.

நுரையைத் துப்பிவிட்டு எழுதினான்: 'இது வெளிநாடு இல்லை. பலகையில் ழி என்று இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.'

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தசரதன் உடனே பதில் போட்டார். 'அரபி எழுத்தும் அப்படித்தான் தம்பி சுழிச்சு இருக்கும்.'

ஞானகுமாரி டீச்சர் குரல் பதிவே அனுப்பினார். "தம்பி, ஒரு பொம்பள நெஞ்சு வெடிச்சு அழுதுட்டிருக்கா. நீங்க அங்க போய் எழுத்துப் பிழை தேடுறீங்களே."

அவன் கதவைத் திறந்து வெளியே வந்து சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றான். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டு வந்த பெண் வாளியோடு காத்திருந்தாள்.

"கொஞ்சம் நவுருங்க சார், தண்ணி ஊத்தணும்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நகர்ந்தான்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை இணையத்தில் போட்டுத் தேடினான். ஒன்பது மொழிகளில் கிடைத்தது. எல்லாவற்றிலும் அவள் வேறு வேறு ஊரில் அழுதாள். ஒரு பக்கத்தில் அவளுக்கு ஆறு குழந்தைகள். கடைசியில், யாரும் பார்க்காத ஒரு பழைய வீடியோவின் முகப்பில் 'திருமழிசை குடோன் தீ' என்று இருந்தது. வீடியோவைத் திறந்தால் நீக்கப்பட்டிருந்தது.

"நேர்ல போய்ப் படம் எடுத்துட்டு வந்துடறேன்," என்றான் அன்றிரவு ஜாஸ்லினிடம்.

"போய்?"

"அதே சுவர், அதே கோணம். பக்கத்துப் பக்கத்துல வெச்சுக் காட்டினா யாரும் பேச முடியாது."

"அவங்க பேசாம இருக்கணும்கிறதுக்காகவா இவ்வளவும்?" என்று ஜாஸ்லின் கேட்டாள்.

சனிக்கிழமை பைக்கில் திருமழிசைக்குப் போனான். தொழிற்பேட்டைக்குள் மூன்று சந்து சுற்றி விசாரித்ததில் ஒரு டீக்கடைக்காரர் கை காட்டினார்.

"அந்தா, புச்சா பெயிண்ட் அடிச்சுக்கிறாங்களே, அதான். பெயிண்டுல கலக்குற தின்னர் டிரம்மு வெச்சிருந்தாங்க. ரெண்டு நாளு எரிஞ்சுது."

"எப்போ?"

"போன வருசம். ஆடி மாசம்."

மேக்ஸ்வெல் தேதியைக் குறித்துக்கொண்டான். அவனுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

பழைய பலகை இல்லை. சுவர் முழுக்க வெள்ளை. ஆனாலும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மண்டியிட்டு, குனிந்து, தரையோடு தரையாகப் படுத்து, அந்தக் கோணத்தைப் பிடித்தான். வாசல் காவலாளி வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. காவலாளியும் கைப்பேசி வைத்திருந்தார்.

மேக்ஸ்வெல் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டான்.

தசரதன் எழுதினார்: 'இது ஒரு காம்பவுண்டு சுவர்.'

இன்னொருவர் எழுதினார்: 'போர் நேரத்தில் தொழிற்சாலையைப் படம் எடுக்கலாமா? ராணுவத் தொழிற்சாலை இருக்கும் ஆவடி பக்கத்தில் வேறு இருக்கிறோம்.'

அதற்குப் பிறகு அவன் படம் குழு குழுவாகப் பயணம் செய்தது. அவன் எடுத்த படம் அல்ல. அவனை எடுத்த படம். ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் தரையில் படுத்துச் சுவரை நோட்டம் விடுகிறான். 'திருமழிசையில் உளவாளி. எச்சரிக்கை. உடனே பகிரவும்.' சாயங்காலத்துக்குள் அவன் அலுவலகத்தில் ஒருவர் அதை அவனுக்கே அனுப்பி, 'உங்க ஏரியாதானே, ஜாக்கிரதை' என்றார். மருமகனின் சட்டையை அடையாளம் கண்டு மார்த்தாண்டத்திலிருந்து மாமியார் ஜாஸ்லினைக் கூப்பிட்டார்.

"மக்களே, மாப்பிள்ளைய போலீஸ் பிடிச்சிட்டாமே?"

"இல்லம்மா. இங்கதான் இருக்காங்க. வெங்காயம் உரிக்கிறாங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாவ," என்று மாமியார் அழ ஆரம்பித்தார்.

மேக்ஸ்வெல், 'அது நான்தான், நான் உளவாளி இல்லை' என்று குழுவில் விளக்கம் போட்டான். அந்த விளக்கத்தில் முதல் பாதியை மட்டும் வெட்டி யாரோ அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நம்பரை வைத்துக் கண்டுபிடித்து ஒரு காவல்துறை அதிகாரி கூப்பிட்டார். கோபமாக இல்லை. சலிப்பாக இருந்தார்.

"எதுக்குத் தம்பி அங்க போட்டோ எடுத்தீங்க?"

"அங்க போர் நடக்கலைன்னு நிரூபிக்கத்தான் சார்."

அந்தப் பக்கம் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"திருமழிசையில போர் நடக்குதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார்."

"அப்புறம்?"

மேக்ஸ்வெல் பத்து நிமிடம் விளக்கினான். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல யாராவது பெரியவங்க இருந்தா போனைக் குடுங்க" என்றார். அவன் ஜாஸ்லினிடம் கொடுத்தான். அவள், "சரி சார், சரி சார், இனிமே அங்க போக விட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"இனிமே இதை விட்டுடுங்க," என்றாள். "பொய்னு உங்களுக்குத் தெரியுது. எனக்கும் தெரியுது. போதாதா?"

போதவில்லை. ஏனென்றால் அன்று மாலை ஆறு மணிக்கு அமீராவுக்காகப் பிரார்த்தனைக் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் எல்லா மதத்தவரும் கலந்துகொள்ளலாம் என்று ஞானகுமாரி டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். கரையான்சாவடியில் கொடுத்து ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். ஆறடிக்கு நாலடி. ஃப்ளெக்ஸ் அடித்தவர் தன் பங்குக்கு நெருப்பை இன்னும் சிவப்பாக்கி, அந்த முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கி, வானத்தில் ஒரு புறாவையும் பறக்க விட்டிருந்தார்.

மேக்ஸ்வெல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. முன்னால் அறுபது பேர் இருப்பார்கள். சிலர் அழுதிருந்தார்கள். பொய்யாக அழவில்லை என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். மாடிப்படி துடைக்கிற பெண். கூட்டத்துக்காக அவளை மாலையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். தூசுக்குப் பயந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த நாற்காலிகளை முன்னால் பிரித்து வைத்துவிட்டு, நிமிர்ந்து ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்றாள். அகலமான நெற்றி. இடது புருவத்தில் தழும்பு. மேலே ஒரு முகம், கீழே அதே முகம். அறுபது பேர் மேலே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மாதமாக அவள் தினமும் அவன் வாசலைத் துடைக்கிறாள். நாலு நாளாக அவன் இந்த முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். வேலையில் பெரிய பிழை ஒன்று சிக்கும்போது வரும் அதே மகிழ்ச்சி வந்தது. எழுந்துவிட்டான்.

"டீச்சர், ஒரு நிமிஷம். நீங்க யாருக்காகப் பிரார்த்தனை பண்றீங்களோ அவங்க இங்கதான் நிக்கறாங்க. உங்க பின்னாடி."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜாஸ்லின் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"பேபி," என்றார் டீச்சர் மெதுவாக. "இது நீயா?"

அவள் பெயர் பேபி என்று மேக்ஸ்வெல்லுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பேபி திரும்பி ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"இல்லம்மா. இந்தம்மா எம்மா செவப்பா கீறாங்க. நான் எங்க, இவுங்க எங்க."

யாரோ சிரித்தார்கள். தசரதன் எழுந்து நின்றார்.

"மேக்ஸ்வெல், போதும். ஒரு ஏழைப் பொம்பளய இப்படி நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தறீங்க. நீங்க மனுசன்தானா?"

வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கண் மீதே மேக்ஸ்வெல்லுக்குச் சந்தேகம் வந்தது. சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. தசரதன் அவனைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்.

ஞானகுமாரி டீச்சர் மைக்கைக் கையில் எடுத்தார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க. அந்தச் சகோதரியோட கணவருக்காகவும் குழந்தைங்களுக்காகவும் ரெண்டு நிமிஷம் மௌனமா இருப்போம்."

அறுபது பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் கிரீச்சிட்டு அடங்கின. நெடுஞ்சாலையில் போகும் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பேபி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு தூணோரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்தது. யாரும் மேக்ஸ்வெல்லைப் பார்க்காமல் அவனைத் தாண்டிப் போனார்கள். ஜாஸ்லினும் மாடிக்குப் போய்விட்டாள். அவன் மட்டும் நின்று நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் அடுக்கினான். பேபி தரையைப் பெருக்கிக்கொண்டே அவன் பக்கம் வந்தாள்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. உங்களைக் கேக்காம அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. யாரோ மாதிரி இருந்துச்சு, தப்பா நெனச்சுட்டேன்."

"தப்பு இல்ல சார்," என்றாள் பேபி. "நான்தான் அது."

மேக்ஸ்வெல் கையிலிருந்த நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"பேரு தப்பு. மூணு புள்ளன்னு போட்டுக்கிறாங்க, எனுக்கு ஒண்ணுதான், அது நல்லா கீது. ஊட்டுக்காரரு மட்டும் நெசம். அந்தக் குடோனுக்குள்ளதான் மாட்டிக்கினாரு."

"அப்புறம் ஏன்க்கா இல்லைன்னு சொன்னீங்க?"

பேபி குப்பையை முறத்தில் தள்ளினாள். நிமிர்ந்து காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"அவுரு போயி பதினாலு மாசம் ஆவுது சார். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா சுடுகாடு, தூக்கறதுக்கே ஆளு பத்தல. இன்னிக்குத்தான் அவுருக்காக இம்மாம் பேரு எழுந்து நின்னாங்க. நான் ஆமான்னு சொல்லியிருந்தா, உக்காந்திருப்பாங்க சார்."