துரையின் இருமலும் என் துப்பறிதலும்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். இதை நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பால்காரர் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிரித்தால் அன்றைக்குப் பாலை இரண்டு தரம் முகர்ந்து பார்ப்பேன். ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதியிருந்தால், அவன் படித்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. (பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்றுதான் தோன்றும்.) இந்தக் குணத்தால் பெரிய அவமானம் என்று பார்த்தால் ஒரே ஒரு முறைதான் நேர்ந்தது. எங்கள் தெருவுக்கு அந்த ஒன்றே ஆயுசுக்கும் போதுமானதாக இருக்கிறது.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் செல்வத்துக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு வேலை. எங்கள் நாயின் பெயர் துரை. சாதாரண நாட்டு நாய், பெயருக்கேற்ற மிடுக்கு மட்டும் ஜாஸ்தி. எதிர்வீட்டில் தங்கராசு மாமா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சின்னதாக ஒரு முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். அவரிடம் ரோஸி என்ற நாயும், அதற்கு இரண்டு மாதக் குட்டி ஒன்றும் இருந்தன. அந்தக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் காலையில் டீக்கடைக்கே போவார்.

ஒரு நாள் துரை அவருடைய புதுச் செருப்பில் ஒன்றைத் தூக்கிவந்து கடித்துக் குதறிவிட்டான். மாமா வாசலில் நின்று, நாலு பேர் கேட்கிற மாதிரி, "இந்த நாயிக்கு ஒரு நாளைக்கு இருக்கு பாரு!" என்றார். நான் அதைத் தேதி போட்டு மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கோயம்புத்தூரில் என் கொழுந்தனார் கல்யாணம். நான்கு நாள் துரையை எங்கே விடுவது? மாமாதான் எப்போதும் பார்த்துக்கொள்வார். செருப்புச் சண்டைக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே பெரம்பலூரில் ஒரு நாய் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். விடுதிக்காரர், "இருமல் தடுப்பூசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். நாய்க்கு இருமல் ஊசியா? நம் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டு, "ஓ, போட்டாச்சே" என்றேன். பக்கத்துக் கூண்டில் ஒரு சீமை நாய் லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டிருந்தது. இவர் சரியாகச் சோறு போடுவதில்லை போலிருக்கிறது என்று அங்கேயும் ஒரு சந்தேகம் வந்தது. (சந்தேகம் சரியான இடத்துக்கு மட்டும் வராது.)

நாயை விடுதியில் விட்டோம் என்று தெரிந்தால் தெரு சிரிக்கும். அதனால் திருமானூரில் என் அம்மா வீட்டில் விட்டிருந்ததாகச் சொல்லிவைத்தேன்.

திரும்பி வந்த நாலாம் நாள் துரை இருமினான். அது நாய் போடுகிற சத்தமாகவே இல்லை. வாத்து கத்துவது மாதிரி வறட்டுச் சத்தம். முடிவில் குமட்டல், கொஞ்சம் வெள்ளை நுரை. தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று தீர்மானித்தேன். முந்திரி சீசன் அது. மாமா வீட்டு வாசல் முழுக்கக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பச்சைக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் வாய் வெந்துபோகும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கருவாட்டுக்குள் கொட்டையை வைத்து மாமா போட்டிருக்கிறார்!

செல்வம் டார்ச் அடிக்க, நான் துரையின் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. உள்ளே தள்ளிவிடலாம் என்று மூன்று உருண்டை தயிர்சாதம் கொடுத்தேன். மூன்றையும் விழுங்கிவிட்டு நாலாவது எங்கே என்று பார்த்தான்.

"இம்புட்டு நல்லாத் திங்கிறான், தொண்டையில என்னா மாட்டியிருக்கப் போவுது? சளியா இருக்கும், வுடு" என்றார் செல்வம்.

அவர் வாயில் வறுத்த முந்திரி வாசம் அடித்தது. மாமாவிடம் வாங்கித் தின்றுவிட்டுப் பேசுகிறார் என்று அவரையும் பட்டியலில் சேர்த்தேன். பட்டியல் என்றால் நிஜமாகவே பட்டியல். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேக நபர்கள்' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை விசாரணையில் இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வருஷா வருஷம் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவோம். அந்தக் கணக்கெடுப்பு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் துரை, மறு கையில் அவன் தண்ணீர்க் கிண்ணம் என்று கிளம்பினேன். துரை யாரைப் பார்த்து மிரளுகிறான், துரையைப் பார்த்து யார் மிரளுகிறார் என்று கவனிப்பது திட்டம். கணக்கெடுப்புக்கு நாய் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டீச்சர் வாசலில் நின்றால் எங்கள் ஊரில் பதில்தான் சொல்வார்கள்.

ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் துரை அந்த வீட்டு நாயோடு மூக்கும் மூக்கும் உரசினான், அதன் முகத்துக்கு நேரே இருமினான். நான் மனிதர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு, இருமும்போது தெறிக்கும் நீர்த்துளி வழியாக நோய் பரவுவதைப் படம் வரைந்து நடத்தியிருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

மாமா வீட்டில் துரை வாலை ஆட்டிக்கொண்டு ஓடி அவர் கையை நக்கினான். 'முன்பே ஏதோ தின்னக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்' என்று குறித்துக்கொண்டேன். குட்டி தத்தித் தத்தி வந்து துரையின் கிண்ணத்தில் வாய் வைத்தது. "அண்ணன் தம்பியாட்டம் குடிக்கிதுங்க பாரும்மா" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்குள் ரோஸி இருமியது. தையல்காரர் வீட்டு நாய் இருமியது. தெருவில் ஆறு நாய்கள் முறை வைத்து இருமின. கொட்டை இல்லையென்றால் விஷம்தான், தன்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று மாமா சொந்த நாய்க்கே வைத்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட ஆள் என்று அசந்துபோனேன். மறுநாள் காலை குட்டி பால் குடிக்கவில்லை. மாமா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ரோஸியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார். டாக்டரை முன்கூட்டியே சரிக்கட்டப் போகிறார் என்று செல்வத்தைப் பைக் ஓட்டச் சொல்லித் துரையோடு பின்னாலேயே விரட்டினேன். தையல்காரரும் இன்னும் மூன்று பேரும் நாய்களோடு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டர் ஓர் அமைதியான அம்மா. துரையின் கழுத்துப் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு மூச்சுக்குழாயை விரலால் லேசாகத் தொட்டார். உடனே வாத்துச் சத்தம். ரோஸிக்கும் அதேதான். பிறகு குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"பெருசுங்க தாங்கிரும். குட்டிக்கு நெஞ்சுல எறங்கிருச்சு போல இருக்கு. மூச்சு வேகமா வாங்குது பாருங்க. இது எப்படி ஆரம்பிச்சுச்சு?"

"விஷம் டாக்டர்" என்றேன் நான் முந்திக்கொண்டு. "யாரோ வச்சிருக்காங்க. எழுதிக்கங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விஷம்னா வேற வைத்தியம், தொத்துன்னா வேற வைத்தியம். குட்டி இருக்குற நெலமையில தப்பா ஆரம்பிக்க முடியாது. முதல்ல இருமுன நாய் எது? அதுக்கு முன்னால வெளியில எங்கயாவது மத்த நாய்ங்களோட இருந்துச்சா?"

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். "திருமானூர்ல டீச்சரோட அம்மா வூட்ல இருந்துச்சுங்க. அங்க நாயி கெடையாது" என்று தையல்காரர் எனக்காகப் பதில் சொன்னார்.

துண்டுக்குள் குட்டியின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் மாமா மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். நாற்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கை அது. வாழ்க்கையில் எனக்கு முதல் முறையாக என்மேலேயே சந்தேகம் வந்தது.

"பெரம்பலூர்ல நாய் விடுதியில விட்டிருந்தோம் டாக்டர். பக்கத்துக் கூண்டு நாய் இருமிச்சு. ஊசி போடாமலே போட்டாச்சுன்னு சொல்லிட்டேன்."

"விடுதின்னா... லாட்ஜா?" என்றார் தையல்காரர்.

டாக்டர் கேட்கக் கேட்க, ஒன்பது வீட்டுக் கணக்கெடுப்பும், கிண்ணமும், விஷ சந்தேகமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. செல்வம் சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் போஸ்டரை மிகுந்த ஈடுபாட்டோடு படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் குட்டிக்கு ஊசி போட்டார். பெரிய நாய்களை இரண்டு வாரம் தனித்தனியாகக் கட்டிவைக்கவும், ஒன்றின் கிண்ணத்தை இன்னொன்றுக்கு வைக்காமல் இருக்கவும், கழுத்தில் பெல்ட் போடாமல் இருக்கவும் சொன்னார். "நம்ம குடிக்கிற இருமல் மருந்தை ஊத்திறாதீங்க. சாப்பிடலைன்னாலோ மூச்சு வாங்கினாலோ ஒடனே தூக்கிட்டு வாங்க. முக்கியமா யாரும் நாயைக் கூட்டிக்கிட்டுக் கணக்கெடுக்கப் போகாதீங்க."

வெளியே வந்ததும் மாமா என்னைப் பார்த்தார். "ஒரு செருப்புக்கு வெசம் வைப்பன்னு நெனச்சியாம்மா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று முதல் ஒரு வாரம், காலையும் மாலையும் அவர் வீட்டுக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, குட்டியை மடியில் வைத்து ஆவி பிடிக்கவைத்தேன். துரையைத் தொட்ட கையோடு போகக்கூடாது என்பதால் சோப்புப் போட்டுக் குளித்து, சேலை மாற்றிவிட்டுத்தான் போவேன். மாமா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் மூன்று நாள் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். நாலாம் நாள் குட்டி என் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்துவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த பாலில் வாய் வைத்தது. "பால் குடிக்கிது மாமா!" என்று நான் கத்தியதும், கதவுக்கு வெளியே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குட்டி பிழைத்தது. அதுவரை பெயர் வைக்காமல் இருந்த மாமா, தெருவைக் கூட்டி வைத்து அதற்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்தார். அப்புறம் நாங்கள் ஊருக்குப் போனால் துரை தங்குவது மாமா வீட்டில்தான். வருஷம் தவறாமல் ஊசியும் போட்டுவிடுகிறேன். இப்போது சாட்சி துரையைவிட உயரம். கணக்கெடுப்பு நோட்டோடு நான் படியேறினால், மாமா இன்றைக்கும் எழுந்து நின்று அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறார்.

"சாட்சி, டீச்சர் வந்திருக்காங்கடா. இருமிடாத."