வருமானமே இல்லாத பதினாறு கோடி

பந்தல் வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தது. ஆலங்குடி வட்டாரத்தில் ஒரு மாமனிதரின் நேர்மையை வருமான வரிச் சட்டமே ஒப்புக்கொண்டதைக் கொண்டாடும் வெடி அது. 2019, ஆடி மாதம்.

மாமனிதர், எங்கள் முந்திரி ஆலை முதலாளி முத்துராமன். மெஷின் வாங்கிய வகையில் பேங்குக்கு இருபது கோடி அசல் பாக்கி. நாலு கோடியைக் கொடுத்து, மிச்சத்தை பேங்கே தள்ளுபடி செய்யும் 'ஒரே தவணைத் தீர்வு' கண்டிருந்தார். ஆலைக் கணக்கனான எனக்குப் போன வாரமே ஓர் அற்ப சந்தேகம்.

"மிச்சம் பதினாறு கோடி லாபம்தானே? வரி வருமே சார்?"

ஆடிட்டர் பிரவீன்குமார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மெஷினுக்கு வாங்கின கடனோட அசல்யா அது. தள்ளுபடியானா வருமானம் இல்ல. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு."

முதலாளிக்குக் கருணை பொங்கியது. "அப்ப நமக்கு முந்திரிக்கொட்டை போட்டவங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கியையும் தள்ளுபடின்னு எழுதிருவோமா?"

"ஐயையோ! கொட்டை வாங்கினதச் செலவுன்னு காட்டி அப்பவே வரியக் கொறச்சுட்டோம்ங்க. இப்பத் தள்ளுபடின்னு எழுதினா அது வருமானம். வரி கட்டணும்."

"வரியா? வேணாம், வேணாம். ஏழைங்க பாக்கியில கை வைக்கிறது பாவம். கணக்குல பத்திரமா இருக்கட்டும்."

"குடுத்துறலாமா சார்?" என்றேன்.

"பத்திரமா இருக்கட்டும்னேன்ல?"

அந்தப் பூரிப்பில் வைத்ததுதான் இந்த மொய் விருந்து. கறிச்சோறு தின்றவர் மொய் எழுத வேண்டும். முன்பு தான் வைத்த விருந்தில் இந்த விருந்துக்காரரிடம் மொய் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பாண்டு பேப்பரும் கிடையாது, ஜாமீனும் கிடையாது.

மொய் மேசையில் நான் எழுத, முதலாளி பக்கத்தில் சிரித்தபடி நின்றார். ஆலைக்குக் கொட்டை போடும் செவந்தி வந்தார்.

"வாம்மா. போன வருசம் ஒன் விருந்துல அம்பதாயிரம் செஞ்சேன்ல?"

"செஞ்சீங்க மொதலாளி. எனக்கு வர வேண்டிய ரெண்டு லச்சத்துல அதக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்க. திங்கக்கெழம மகளுக்கு நர்சிங் காலேஜ் பீசு கட்டணும். இல்லைன்னா சீட்டு போயிரும்."

"ஒம் பாக்கி கணக்குல பத்திரமா இருக்கும்மா."

"அப்ப ஒங்க மொய்யும் எங்கணக்குல பத்திரமா இருக்கட்டும்ங்க."

பந்தியில் சிரிப்பு வெடித்தது. பதினாறு கோடிக்கு அசையாத மீசை, ஐம்பதாயிரத்துக்குத் துடித்தது.

"ஏய், என்ன பேச்சுப் பேசுற? இதென்ன பேங்க் கடனா? மொய்யி! திருப்பிக் குடுக்க வேண்டிய காசு!"