பிரிட்ஜில் ஒட்டிக்கொண்ட என் காது

செவியில்லாமலே அனைத்தையும் கேட்டருளும் பரம்பொருள் முன்னிற்க.

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, புராண நூல்களுக்கு முப்பதாண்டு பிழை திருத்தி ஓய்வுபெற்ற அடியேன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். அடியேனும் நலம், அந்த நலத்தைத்தான் தாங்கள் கற்பனை என்று அச்சிட்டுவிட்டீர்கள்!

ஒன்பதாண்டு காது கேளாதிருந்த எனக்கு மருத்துவர் காதின் பின்புறம் திறந்து கருவி பதித்ததையும், ஒரு மாதம் கழித்துக் காந்த வில்லையொன்றைத் தலையில் ஒட்டியதும் உலகம் தகரக் குரலில் பேசத் தொடங்கியதையும் ‘மருத்துவ அனுபவம்’ பகுதிக்கு அனுப்பினேன். தாங்களோ அதை ‘அறிவியல் புனைகதை’ப் பக்கத்தில் போட்டு, வேற்றுக்கிரகவாசி படமும் வரைந்துவிட்டீர்கள். ஐயா, புனைகதை எங்கே முடிகிறது, மருத்துவம் எங்கே தொடங்குகிறது என்று என் மண்டையைத் தொட்டுப் பார்த்தால் தெரியுமே! தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது வில்லை பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ள, “என் காது எங்கடி?” என்று நான் வீடெல்லாம் தேடியதும் சத்தியம், என் மனைவி சிரித்ததும் சத்தியம், எனக்குத்தான் கேட்கவில்லை.

விளைவைக் கேளுங்கள். என் அண்ணனுக்கும் காது கேளாது. வரும் புதன்கிழமை அவருக்கும் அதே அறுவை சிகிச்சை. நாளைக்குள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடாவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும். பேத்தியின் குரலை ஒரு தடவையாவது கேட்க ஏங்கியவர், தங்கள் இதழைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். “பத்திரிகைக்காரனே கதைன்னுட்டான். உன் கதைக்கு என் மண்டைய ஏன்டா திறக்கணும்?” என்கிறார். எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறதென்று நோட்டில் எழுதிக் காட்டினால், “காது கேக்காதப்பவும் நீ இப்படித்தான் தலையாட்டினே” என்கிறார்! ஆகவே, நான் எழுதியதில் ஓரெழுத்தும் கற்பனையன்று எனக் கையெழுத்திட்ட திருத்தமொன்றை, இக்கடிதம் கொண்டுவரும் என் மருமகனிடமே கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்.

பி.கு.: தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்த அண்ணன், “ஓரெழுத்தும் கற்பனையில்லையா? காது கேட்டதும் உன் பெண்டாட்டி, ‘என் தெய்வமே, என் குரல் கேட்கிறதா’ன்னு கண்ணீர் விட்டாள்னு இதழ்ல எழுதியிருக்கியே?” என்றார். வேறு வழியின்றி நோட்டில் உண்மையை எழுதினேன். அவள் முதலில் கேட்டது: “வரும்போது தண்ணி மோட்டார நிறுத்தினீங்களா இல்லையா?”

அண்ணன் அதை இருமுறை படித்தார். “இதை எழுதியிருந்தா அன்னைக்கே நம்பியிருப்பேனேடா!” என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டார்.

திருத்தம் வேண்டாம், தாங்கள் போட்ட பக்கமே சரி. எல்லாம் கேட்கும் இறைவன் தங்களையும் இல்லத்தாரையும் குறைவின்றிக் காப்பானாக.