எட்டாவது வாரத்து எழுத்து

குழந்தைகளின் பேச்சில் ஓர் ஒழுங்கு இல்லை என்பதை மழலையர் ஒலி வளர்ச்சித் துறை கண்டுபிடித்தபோது என் மகளுக்கு நாலு வயது. வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். காலையில் கண்ணைத் திறக்கும்போதே ஏதோ ஒரு வாக்கியத்தின் பாதியில் இருப்பாள்.

துறையின் சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது. மழலையர் பள்ளிகளில் வாரத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தின் ஒலி, அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்த வரியில், 'இன்னும் கற்பிக்கப்படாத எழுத்தில் தொடங்கும் சொற்களைக் குழந்தை உச்சரிப்பது முறைகேடு ஆகும். பள்ளியிலும் இல்லத்திலும் இது தவிர்க்கப்பட வேண்டும்' என்று இருந்தது.

முதல் வாரம் அ. வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள். அம்மா, அப்பா, அணில் என்று நாளை ஓட்டினார்கள். ஒருத்தனை ஒருத்தன் கிள்ளினால் 'அடி' என்று சொல்லலாம். 'வலிக்குது' என்று சொல்வதற்கு வ வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

மூன்றாம் நாளே டீச்சருக்குச் சோதனை வந்தது. ஒரு பையன் எழுந்து நின்று காலோடு காலைப் பின்னிக்கொண்டான். 'ஒண்ணுக்கு' என்று சொல்ல வேண்டும். ஒ பத்தாவது வாரம். நல்ல பையன், கடைசிவரை சொல்லவில்லை. ஆயாதான் தரையைத் துடைத்தாள். ஒ எழுத்தை முன்கூட்டியே விடுவிக்கக் கோரி டீச்சர் விண்ணப்பித்தார். நாலே நாளில் பதில் வந்தது: 'இத்தகைய தேவை உள்ள குழந்தை "அவசரம்" என்று கூறலாம். அது அ-வில் அடங்கும்.'

அதன் பிறகு தாகம் அவசரம், பசி அவசரம், பென்சில் உடைந்தாலும் அவசரம். டீச்சர் எல்லாரையும் வரிசையாகக் கழிப்பறைக்கே கூட்டிப் போனார்.

இதற்குள் எங்கள் தெருவில் இது ஒரு மோஸ்தராகிவிட்டது. மாடிவீட்டு வங்கிக்காரர் எழுத்து வடிவத்தில் தலையணைகள் வாங்கிப் போட்டார். ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "வெளிய சொல்லிடாதீங்க சார். நம்ம பையன் டியூஷன்ல ச வரைக்கும் முடிச்சிட்டான்" என்றார். மேலே ஜன்னலோரம் அந்தப் பையன் "சக்கரம், சக்கரம்" என்று ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. என் மகள் அப்போதுதான் இ-க்கு வந்திருந்தாள்.

அந்த வாரமே அவளுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. பள்ளியில் மூன்று தடவை "அவசரம்" என்றிருக்கிறாள். மூன்று தடவையும் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் என் மனைவி நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"எங்கடி வலிக்குது? சொல்லு."

மகள் வாசல் கதவைப் பார்த்தாள். "அனுமதி இல்ல" என்றாள். இரண்டு சொல்லும் பாடத்திட்டத்துக்கு உட்பட்டவை.

"அனுமதியாவது மண்ணாங்கட்டியாவது! அம்மா கேக்கறேன்ல, சொல்லு!"

குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, திருடிய பொருளைக் கையில் கொடுப்பதுபோல, "காது" என்றாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள சீழ் கட்டியிருக்கு. காலையிலயே சொல்லியிருக்கலாமே பாப்பா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அவள் போய் டீச்சரைப் பிடித்தாள். டீச்சர் அழுதேவிட்டார். "நான் என்னம்மா பண்ணுவேன்? பசங்க முன்னால நானும் இ-க்குள்ளதான் பேசணும். இப்ப வெளிய விளையாடறாங்க, அதான் உங்ககிட்ட முழுசா பேசறேன்."

எட்டாவது வாரம் ஏ வந்தது. துறையின் பட்டியலில் ஏணி, ஏரி, ஏலக்காய் என்று நாற்பது சொற்கள் இருந்தன. நாற்பத்தோராவது சொல்லைக் குழந்தைகளே கண்டுபிடித்தார்கள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். மகளைக் கொண்டுவிட்டு நான் வாசலில் நின்றிருந்ததால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு பட அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஆனை" என்றாள் என் மகள்.

"யானைன்னு சொல்லணும்."

"அது... இன்னும்... இல்ல" என்றார் டீச்சர். ஐ அடுத்த வாரம்தான் என்பதால் 'ஐயா'வை விழுங்கிவிட்டார்.

ஆய்வாளர் பட்டியலைப் புரட்டினார். "அப்ப இந்தப் படத்தை இப்ப பாக்கக் கூடாது. ய இன்னும் வரல."

"ஏன்?" என்றாள் என் மகள்.

"வரிசைப்படிதான் வரும்."

"ஏன்?"

"மேலிடத்து உத்தரவு."

"ஏன்?" இப்போது இருபத்திரண்டு குரல்.

ஆய்வாளர் அங்கிருந்த குட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முழங்கால் மோவாய்க்கு வந்தது. "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல யாரும் என்னை இதைக் கேட்டதே இல்லம்மா" என்றார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எதையும் எழுதாமல் கிளம்பிப் போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை செய்யுமிடத்தில் லிஃப்ட் மேலே போய்க் கீழே வருவதற்குள் நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலம் அந்தப் பெருமையோடு சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா உக்காந்து இருக்க. அம்மா ஏன் உக்காரல?"

"அம்மாவுக்கு உள்ள வேலை இருக்குடா."

"ஏன்?"

"அப்பா நாளெல்லாம் வேலை பாத்துட்டு வந்திருக்கேன்ல?"

"அம்மாவும் ஆபீஸ். ஏன் உக்காரல?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. பதிலைக் கேட்பதற்காக என் மனைவி குழாயை மூடியிருந்தாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

திங்கட்கிழமை புதிய சுற்றறிக்கை வந்தது. 'ஏ என்னும் எழுத்து நிர்வாக நலன் கருதி நிறுத்தி வைக்கப்படுகிறது. இத்துடன் உள்ள படிவத்தில் பெற்றோரில் ஒருவர் சம்மதம் தெரிவித்தால் போதுமானது.' என் மனைவி அதைக் கிழிக்கப் போனாள். "இருக்கட்டும், பொறுமையா யோசிச்சு எழுதுவோம்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

படியில் வங்கிக்காரர் நின்றிருந்தார், முகம் வெளிறி. "எங்க வீட்லயும் கேட்டுட்டான் சார்" என்றார். என்ன கேட்டான் என்று அவர் சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார்.

மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு தகப்பன்மாரின் சம்மதமும் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. படிவத்தின் அடியில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒருவரும் அதை நிரப்பவில்லை. ஏன் என்று துறையும் கேட்கவில்லை.