ஆறாம் போத்தலில் ஒன்றும் இருக்கக் கூடாதாம்

கல்குடா,
செவ்வாய்க்கிழமை.

கொழும்பு ஆய்வுகூடத்தில் பெரிய வேலை பார்க்கும் அன்பு மருமகன் உதயரூபன் அவர்களுக்கு, மாமா கதிர்காமத்தம்பி எழுதிக்கொள்வது. நான் சுகம், உங்கள் மாமி புஸ்பம் சுகம், மகள் வதனியும் பேரனும் சுகம், வள்ளமும் சுகம். உங்கள் மெசின்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் என்றால் நீங்கள் குறுக்கே கதைப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

புது ஹோட்டல்காரர் கடலுக்குள் கழிவுக்குழாய் விட்ட நாளிலிருந்து கரைவலையில் பாசியும் பொலித்தீனும்தான் வருகின்றன. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் அழுக்கை அளந்து காட்டினால் குழாயை எடுப்பிக்கலாம் என்று சொன்னவர் நீங்கள். பதினெட்டாம் திகதிக் கூட்டத்தில் அந்தக் கணக்கைக் காட்டாவிட்டால் குழாய் நிரந்தரம், நாங்கள் வலையைச் சுருட்டவேண்டியதுதான். இப்போது பார்த்தால், ஆறாம் போத்தலால் ஆறு போத்தலும் பழுதாம், 'மாமா ஏதோ பிழை விட்டிட்டார்' என்று வதனிக்கு மெசேஜ் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருடம் கடலில் கிடந்தவனுக்குத் தண்ணீர் அள்ளத் தெரியாது. நல்லது.

போத்தல்களோடு நீங்கள் அனுப்பிய தாளில் பதினேழு கட்டளை. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்றீர்கள், தும்புக்கட்டு மாதிரி தலையோடு போனேன். புகை கூடாது என்றீர்கள், வள்ளத்தில் கூட வந்த ஜிப்ரி காக்கா பீடியைக் காதில் செருகிக்கொண்டு முழு நேரமும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். எஞ்சினை நிறுத்தவேண்டும் என்றீர்கள், நிறுத்தினோம், நீரோட்டம் எங்களைப் பாசிக்குடாப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் வெள்ளைக்காரர் குளிக்கும் இடத்தில் விட்டது. அங்கே நான் வெள்ளைக் கையுறையோடு குனிந்து, மேல்தண்ணீர் படாமல், குமிழி வராமல், ஒவ்வொரு போத்தலாக அமுக்கி எடுக்க, அவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். கரைக்கு வந்தால் மீன் வாங்க வந்தவர் மீன் போடும் றெஜிபோம் பெட்டியைத் திறந்து, ஐஸுக்குள் கிடந்த பிறவுண் போத்தல்களைக் கண்டுவிட்டு, "என்ன அண்ணன், கடலுக்குள்ளயே தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டார். அன்று பின்னேரமே ஊர் முழுக்க நான் குடிகாரன்.

இனி ஆறாம் போத்தலுக்கு வருவோம். மற்ற ஐந்தும் வெறுமையாக வந்தன. இது மட்டும் நீங்களே வடித்த சுத்தத் தண்ணீரோடு வந்தது. அதைக் கடல்வரை சுமந்துபோய், மூடியைத் திறந்து, திரும்ப மூடி, அப்படியே அனுப்பவேண்டுமாம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாதாம், இருந்தால் அது எங்கள் கையழுக்காம். சொன்னபடி திறந்தேன், மூடினேன், பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஜிப்ரி காக்காவிடம் கொடுத்தேன். மாமி எல்லாவற்றையும் துடைத்து, பழைய சீலையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினாள். ஒரு சொட்டுக் குறைந்திருந்தால் என் பெயரை மாற்றுங்கள். அப்படியிருக்க, கடல்தண்ணீரைவிட மூன்று மடங்கு அழுக்கு அந்தச் சுத்தத் தண்ணீரில் இருக்கிறது என்றால், பிழை எங்கே? உங்கள் ஆய்வுகூடத்துக் குழாயில். முதலில் அதைக் கழுவுங்கள் மருமகன். ஒரு கிராமைக் கோடியாகப் பிரித்து அளக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு போத்தலைக் கழுவத் தெரியவில்லை.

மற்றப்படி உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் பணிவையும் தரட்டும்.

இப்படிக்கு,
பிழை விடாத மாமா,
க. கதிர்காமத்தம்பி.

பி.கு: தபாலில் போடமுன் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாம் போத்தல் என்ற இடத்தில் அவள் முகம் மாறிவிட்டது.

"அது வெறும் போத்தலாத்தானே பெட்டிக்குள்ள கிடந்த" என்றாள். "மருமகன்ட ஏனத்த வெறுமையாத் திருப்பி அனுப்புறதா? மரியாதையா அது? நம்மட கிணத்துத் தண்ணிய நிரப்பி விட்டன்."

ஜிப்ரி காக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஓம் அண்ணன், நான்தான் குடிச்ச. ஒரே தாகம். ஒரு ருசியுமில்லாத தண்ணி" என்கிறார்.

ஆகவே உங்கள் குழாயில் பிழையில்லை, மெசினிலும் பிழையில்லை. மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடுங்கள். குழாய் போடமுன் ஒரு வருடமாக ஹோட்டல்காரர் கழிவுத்தண்ணீரை விட்ட குழி எங்கள் வேலிக்கு அங்கால்தான் இருக்கிறது. நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். இன்று காலையும் வதனி பேரனுக்குப் பால்மா கரைத்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். வாளியைக் கயிற்றோடு அவிழ்த்து எடுத்துவிட்டேன். உடனே வாங்க மகன்.