இரண்டு குதிகாலும் தரையில்

ராய்மோ பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்கத்தான் வழி தெரியவில்லை.

ஏறியதும் லேசில் ஏறிவிடவில்லை. கார் கொட்டகையில் பைக்கை நிறுத்தி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நின்று வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். போட்ட வேகத்தில் பெட்டி நழுவி மூலைக்குப் போய்விட்டது. இடது கட்டைவிரலை ஊன்றினால் வலது கால் காற்றில் ஆடியது. வலதை ஊன்றினால் இடது ஆடியது. ஒரு கையால் ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

சீர்க்கா காபிக் கோப்பையோடு நிதானமாக வந்தாள். கணவரை விட ஒரு சாண் உயரம் அவள்.

"என்ன, கிளம்பிட்டியா?"

"அந்தப் பெட்டிய எடுத்துக் கொடு."

"குதிச்சு இறங்கேன்."

"குதிச்சா பைக் விழுந்துடும்."

"சரி, அங்கேயே இரு. சூப்பை இங்க கொண்டு வந்துடறேன்."

கேலி செய்தாலும் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ராய்மோ இறங்கி, பைக்கைக் கோபமாகப் பார்த்தார். அது மலையேற்றத்துக்கென்றே செய்த பைக். இருக்கை அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. அவர்கள் ஊரான லாபுவாவில் மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான். ஊரிலேயே பெரிய மேடு ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம். இருந்தாலும் அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் மலையேறும் பைக்கைத்தான் வைத்திருந்தார்கள். எங்கே போவார்கள் என்று கேட்டால், பெட்ரோல் நிலையத்துக் காபிக் கடை வரைக்கும்.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் வடகாற்று. தலைவர் யோர்மா, டிராக்டர் விற்பவர், குரலும் டிராக்டர் மாதிரிதான். சங்கத்துக்கு ஒரே ஒரு விதி. புது ஆள் மே மாதம் முதல் ஞாயிறன்று சங்கத்தோடு ஊர்வலம் போய், யோர்மாவின் முற்றத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது இரண்டு குதிகாலும் தரையில் பட வேண்டும். பைக்கைத் தாழ்த்தியிருக்கக் கூடாது. "பைக்கோட காலை வெட்டற பய ஸ்கூட்டர் வாங்கட்டும்" என்பது யோர்மாவின் தத்துவம்.

ராய்மோவிடம் இருந்ததே ஸ்கூட்டர்தான். இரண்டு வருடமாக அதில் அவர்கள் பின்னால் போய்வந்தார். ஊரில் ஸ்கூட்டரில் சுற்றுவது தபால்காரர்தான் என்பதால், "தபால்காரர் வந்துட்டாருப்பா" என்பார்கள். காபிக் கடைச் சுவரில் சங்கத்தின் புகைப்படம் பெரிதாக மாட்டியிருந்தது. ஆறு ஆண்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆளுயர பைக்குகளுக்கு முன்னால். அதைப் பார்க்கும்போதெல்லாம் ராய்மோவுக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடப் படம், ராணுவப் படம், நகராட்சி அலுவலகப் படம் எல்லாவற்றிலும் அவரை முன்வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். ஒரே ஒரு தடவை, சாவதற்குள் ஒரே ஒரு தடவை, பின்வரிசையில் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகத்தான் ஸ்கூட்டரை விற்றுவிட்டு இந்த ராட்சசனை வாங்கினார்.

விதி என்றால் விதிதான், அளவு என்றால் அளவுதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நகராட்சியில் கட்டட ஆய்வாளர் அவர். ஊரில் யார் வேலி எவ்வளவு உயரம் என்று நாடா வைத்து அளந்து, கூடினால் வெட்டச் சொல்வதுதான் வேலை. பக்கத்து வீட்டு பெர்த்தியின் வேலி மூன்று சென்டிமீட்டர் கூடிப்போய்விட்டது என்று சென்ற கோடையில் முழு வேலியையும் அறுக்க வைத்தவர். அந்த மனிதர்தான் இப்போது யாருக்கும் தெரியாமல் சில சென்டிமீட்டரைத் திருட முடிவு செய்தார்.

முதலில் இருக்கையைக் கழற்றி, உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை மின்சார ரொட்டிக் கத்தியால் சீவினார். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சமன் செய்ய வலது பக்கம் சீவினார். அது அதிகமாகிவிட்டது. இப்படி மாற்றி மாற்றிச் சீவி முடித்தபோது இருக்கை என்று ஒரு பலகைதான் மிஞ்சியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சீர்க்கா.

"தாழ்ந்திருக்கு."

"நீ ஏன் நின்னுகிட்டே சாப்பிடறே?"

இன்னும் குதிகால் படவில்லை என்பதுதான் ராய்மோவின் கவலை. அடுத்து, பின்சக்கரத்தின் அதிர்வுதாங்கியைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டை மாற்றி, நீளமானதைப் போட்டார். பைக்கின் பின்பக்கம் சமர்த்தாக இறங்கியது. குதிகால் கிட்டத்தட்ட பட்டேவிட்டது. சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே பைக்கை வெளியே தள்ளி, நிறுத்துகாலைப் போட்டு நிறுத்தினார்.

பைக் தாழ்ந்துவிட்டது, நிறுத்துகால் தாழவில்லை. நிறுத்துகால் நீளமாகிப்போனதால் பைக் சாயாமல் நேராக நின்றது. காற்று ஒன்று வீசியது. பைக் நிதானமாக அந்தப் பக்கம் சாய்ந்து, பெர்த்தியின் வேலியை உடைத்துக்கொண்டு போய் அவர் தோட்டத்தில் படுத்தது.

பெர்த்தி வெளியே வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யோவ் ராய்மோ, இப்ப அளந்து பாரு. சட்டப்படி சரியா இருக்கா?"

"புதுசா கட்டித் தர்றேன்யா."

"எவ்வளவு உசரத்துக்கு?"

"உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

"அப்படி வா வழிக்கு."

அன்றே ராய்மோ நிறுத்துகாலை அறுத்தார். கட்டட ஆய்வாளர் ஆயிற்றே, அளந்துதான் அறுத்தார். ஆனால் பைக்கில் தாம் உட்கார்ந்திருக்கும்போது சீர்க்காவை அளக்கச் சொன்னார், தம் கனத்தில் பைக் அமுங்கியிருந்ததை மறந்துவிட்டார். அறுத்த பிறகு பைக் இந்தப் பக்கமாகப் படுத்தது. சீர்க்கா ஆசையாக வளர்த்த ரூபார்ப் செடி அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. தலை காட்டியதோடு சரி.

"இந்தப் பக்கமும் விழுந்தாச்சு, அந்தப் பக்கமும் விழுந்தாச்சு," என்றாள் சீர்க்கா. "இனி உனக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் பாக்கி."

அறுத்த துண்டில் பாதியைத் திரும்பப் பற்றவைத்து, ஒருவழியாக பைக்கை நிற்கவைத்து, காபிக் கடைக்கு ஓட்டிப் போனார். போகிற வழியில் நகராட்சி அலுவலக வாசலில் இருந்த வேகத்தடையில் பைக்கின் வயிறு கரகரவென்று உரசியது. அந்த வேகத்தடையைப் போடச் சொன்னதும் அவர்தான்.

காபிக் கடையில் யோர்மா சங்கத்தாரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" என்றார் யோர்மா, ராய்மோவைப் பார்த்தபடி. "மண்டி போட்டு அடியில பாப்பேன். சக்கரத்துக்கு மேல எவ்வளவு இடம் இருக்குன்னு கைய விட்டே பாப்பேன். எவனாவது பைக்கைத் தாழ்த்தியிருந்தான்னா, அந்த மூஞ்சிய இந்தக் கடையில மறுபடி பாக்க மாட்டீங்க."

சொல்லிவிட்டு எழுந்து போனார். மற்றவர்களும் பின்னாலேயே எழுந்தார்கள். கனமாக, மெதுவாக, ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி வைக்கும் அந்த நடை இருக்கிறதே, அதைப் பார்த்து ராய்மோ பெருமூச்சு விட்டார். ஆண்பிள்ளை என்றால் இப்படியல்லவா நடக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். இரும்புத் துண்டு பழையது. இருக்கை புதிது. பைக் மறுபடி ராட்சசனாக நின்றது. ராய்மோ அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து அதை வெறித்தார். அழுகை வந்தது அவருக்கு. சீர்க்காவுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"பைக்கைத் தாழ்த்த முடியலைன்னா உன்னை உசத்திக்கோயேன்," என்றாள். "ஷூ போடத்தானே போறே?"

மறுநாள் ராய்மோ பக்கத்து ஊர்வரை போய், சந்துக்குள் இருந்த ஒரு ஷூ தைப்பவரைப் பிடித்தார். சொந்த ஊரில் தெரிந்துவிட்டால் மானம் போய்விடுமே. கிழவர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, இவர் பெயரையும் கேட்கவில்லை.

"பைக் ஷூவா?" என்றார்.

"ஆமா. அடியில கொஞ்சம் கனமா..."

"அஞ்சு சென்டிமீட்டரா?"

"அஞ்சு போதும். வெளிய தெரியக்கூடாது."

"தெரியாது."

கிழவர் பலகையிலிருந்து ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த அடியை எடுத்தார். தன் அதிர்ஷ்டத்தை ராய்மோ மெச்சிக்கொண்டார்.

"இது யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் யார் விஷயத்தையும் யார்கிட்டயும் சொன்னதில்லை," என்றார் கிழவர்.

புது ஷூவுக்கு ஏற்ற மாதிரி நீளமான கால்சட்டையும் வாங்கினார். பைக்கில் ஏறினார். இரண்டு குதிகாலும் தரையில்! சீர்க்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு வண்டியைக் கிளப்பினார். முதல் கியர் போட்டாயிற்று. இரண்டாவதுக்குப் போக, கியர் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து மேலே தள்ள வேண்டும். தடித்த ஷூ நுழையவில்லை. முதல் கியரிலேயே எஞ்சின் அலற அலற ஊரைச் சுற்றினார். ரொட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு பாட்டியம்மா கையசைத்துவிட்டு அவரை முந்திக்கொண்டு போனார். கியர் கம்பியைக் கழற்றி உயர்த்தி மாட்டிய பிறகுதான் அந்த அவமானம் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மே மாதம்தான், ஆனாலும் ஆலங்கட்டி கலந்து தூறியது. ஏழு பைக்குகளும் வயல்வெளியைச் சுற்றி, ரயில் பாலத்தை வீரமாக ஏறி இறங்கி, யோர்மாவின் முற்றத்துக்கு வந்தன. ராய்மோ வண்டியை நிறுத்தினார். இடது குதிகால். வலது குதிகால். யோர்மா மண்டியிட்டு அடியில் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, ராய்மோவின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு. நீ நம்ம ஆளுய்யா."

படம் எடுத்தார்கள். ராய்மோ பின்வரிசையில் நின்றார். கண்ணில் ஈரம். மழை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அப்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு யோர்மாவின் மனைவி ஐலா எட்டிப் பார்த்தாள்.

"காபி ரெடி! எல்லாரும் உள்ள வாங்க!"

ராய்மோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இல்லை, வரவில்லை, போனது போனதுதான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், ஒருநாளும் யார் வீட்டுக்குள்ளும் ஷூவோடு காலெடுத்து வைக்காத மனிதர், இந்த ஷூவைத் தைக்கக் கொடுக்கும்போது இதை யோசிக்கவே இல்லை. உள்ளே போனால் கழற்ற வேண்டும். கழற்றினால் தபால்காரர்.

"எனக்குக் காபி வேண்டாம்," என்றார்.

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். காபி வேண்டாம் என்று ஒரு ஆள் சொன்னதை அங்கே யாரும் கேட்டதில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் யோர்மா.

"இல்ல, வெளியவே நிக்கறேன். காத்து நல்லாருக்கு."

அந்தக் காற்றில் ஆலங்கட்டி அவர் மூக்கில் வந்து அடித்தது. ஆச்சரியமாக, மற்றவர்களும் உள்ளே போக அவசரப்படவில்லை. ஒருவர் தன் டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர் எதையோ துடைத்தார். யோர்மாகூட வானத்தை ஆராய்ந்தார்.

"புது ஆள்தான் முதல்ல போகணும். அதுதான் வழக்கம்," என்று கடைசியில் யோர்மா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

ராய்மோ உள்ளே போனார். முன்கூடத்தில் தனியாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஷூவைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். கால்சட்டையின் நுனி தரையில் மடிந்து விழுந்தது. கம்பளிக் காலுறையோடு அவர் நின்ற கோலத்தை, இனிப்பு ரொட்டித் தட்டோடு வந்த ஐலா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கோட்டின் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"ஷூவுக்குள்ள உங்க பேர எழுதி வச்சிடுங்க ராய்மோ. எல்லாத்துக்கும் அதே அஞ்சு சென்டிமீட்டர் அடிங்கறதால போன வருஷம் மத்த அஞ்சு பேரும் மாத்தி மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க ஆளோடத மட்டும் யாரும் தொடல, அதுல ஏழு."